ஜோடி சேர்த்தார்கள், பணம் ஒருவருக்குத்தான்

பொருளாதாரத் தடைக்குள் இருக்கும் நாடுகளின் புரோகிராமர்களையும் வெளியே இருப்பவர்களையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, 12 வாரம் யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் வேலை செய்ய வைக்கும் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் போன சுற்றில் இருந்தேன். விண்ணப்பிக்கலாமா என்று சிலர் கேட்டார்கள், அதனால் இது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றும் எனக்கு வாய்த்த ஜோடிக்கு. நடத்தியவர்களுக்கு அதில் பங்கில்லை.

ஜோடி ஈரானிலிருந்து. நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களை என்னைவிட நன்றாக எழுதுவார். எங்களுக்குக் கிடைத்தது, படிவங்களில் வரும் பெயர், முகவரி போன்றவற்றைச் சுத்தம் செய்யும் ஒரு சின்ன லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு. அது கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்குறிகள் எல்லாவற்றையும் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அதில், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு பட்டியலின் 200சி என்ற குறியும் அடக்கம். இரண்டு எழுத்துகளை ஒட்டவிடாமல் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை, இடைவெளியும் விடாது. எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டி எழுதும் அவருடைய பாரசீகத்தில் அது இல்லாமல் ஒரு பத்தியை ஒழுங்காக எழுத முடியாது. வினைச்சொல்லின் முன்னொட்டையும் பன்மை விகுதியையும் அதுதான் ஒட்டாமல் நிறுத்துகிறது. அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். இந்தக் குறி தமிழிலும் உண்டு. ‘ரிக்‌ஷா’வில் க், ஷ இரண்டையும் தனித்தனியாகக் காட்ட அதைத்தான் நடுவில் வைக்கிறோம். எடுத்துவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே எழுத்தாகிவிடும்.

அந்தக் குறியை எங்கே விடலாம், எங்கே வெட்டலாம் என்று தேடியபோது 2010இல் வந்த ஆர்எஃப்சி 5892 என்ற இணையத் தர ஆவணம் கிடைத்தது. இணைய முகவரிகளில் எந்த எழுத்தை அனுமதிக்கலாம் என்று அது சொல்கிறது. அதில் இந்தக் குறிக்கு இரண்டே வழிகள். மெய்யெழுத்தின் புள்ளி போன்ற ஒரு குறிக்குப் பின்னால் வந்தால் விடு; ஒட்டும் இயல்புள்ள இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் வந்தால் விடு. முதலாவது என் மொழிக்கு, இரண்டாவது அவர் மொழிக்கு. ‘இப்படி இருந்தால் விடு’ என்று நிரலில் சொல்லும் ஒரே இஃப் கண்டிஷனில் ஆளுக்குப் பாதி எழுதினோம். அந்தப் புல் ரிக்வெஸ்ட், அதாவது எங்கள் திருத்தம், ஏற்கப்பட்டு லைப்ரரியில் மெர்ஜ் ஆன அன்று இருந்த சந்தோஷத்துக்காகவே அந்த மூன்றில் இரண்டு நட்சத்திரம் போடலாம்.

இனி குறைகள்.

தொடக்கக் கூட்டத்தில் பழைய கதை ஒன்று சொன்னார்கள். 1966இன் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தியின் குழுவினரின் சதுரங்க நிரலும் மாஸ்கோவில் ஒரு இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் நிரலும் தந்தி வழியாக மோதின. ஒன்பது மாதம் நடந்து, மாஸ்கோ 3-1 என்று வென்றது. நல்ல கதைதான். ஆனால் தந்தி அனுப்ப அன்று யாரும் கணக்குத் திறந்து, எந்த நாடு என்று டிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. எங்கள் முதல் மூன்று வாரமும் அதிலேயே போயிற்று. நிரல்களைச் சேர்த்துவைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் பிரச்சினை இல்லை. 2019இல் ஈரான் பயனர்களுக்குப் பல வசதிகளை முடக்கியவர்கள், 2021 ஜனவரியில் அமெரிக்க அரசிடம் உரிமம் வாங்கித் திறந்துவிட்டார்கள். ஆனால் திட்டத்தார் கட்டாயப்படுத்திய வீடியோ கருவி அவருக்குத் திறக்கவே இல்லை. டெஸ்ட் ஓட்டத் தேவையான கன்டெய்னர் இமேஜும் (தேவையான மென்பொருள் எல்லாம் அடங்கிய கோப்பு) இறங்கவில்லை. நான் இறக்கி, சுருக்கி, துண்டு துண்டாக அனுப்பினேன். யாரைச் சேர்க்கப்போகிறோம் என்று தெரிந்தே நடத்துகிறவர்கள், ஒரு நாள் உட்கார்ந்து எது திறக்கும், எது திறக்காது என்று பார்த்திருக்கலாமே?

அரசியல் பேசக் கூடாது என்று ஒரு விதி. முதலில் நியாயமாகத்தான் பட்டது. ஐந்தாம் வாரம் இரண்டு நாள் அவர் பக்கம் இணையமே இல்லை. மூன்றாம் நாள் வழிகாட்டி, ஏன் கமிட் (சேமித்து அனுப்பும் நிரல் மாற்றம்) வரவில்லை என்று பொதுச் சேனலில் கேட்டார். காரணத்தைச் சொன்னால் அது அரசியல், விதிமீறல். “கரண்ட் போய்விட்டது” என்று ஜோடி எழுதிவிட்டு எனக்குத் தனியாக ஒரு கண்சிமிட்டும் பொம்மை அனுப்பினார்.

நேரில் சந்திக்கும் வாரத்தை ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டிய ஊரில் வைத்தார்கள். விசா வரவில்லை, அவரும் வரவில்லை. ஈரானியர்கள் விசா இல்லாமலே போகக்கூடிய ஆர்மீனியாவும் துருக்கியும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த வாரம் முழுக்க என் பக்கத்து நாற்காலியில் ஒரு லேப்டாப் உட்கார்ந்திருந்தது, அதில் அவர் முகம்.

அப்புறம் பணம். உதவித்தொகை எனக்கு வந்தது, அவருக்கு வரவில்லை. ஈரான் வங்கிகள் பலவும் 2018இலேயே நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையிலிருந்து வெட்டப்பட்டவை. இது திட்டத்தாருக்குப் பதினோராம் வாரம்தான் தெரிந்ததாம். நம்ப முடியவில்லை. ஓப்பன் சோர்ஸில் உழைக்கப் புதியவர்களுக்கு உதவித்தொகை தந்து 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட், அமெரிக்கத் தடையுள்ள நாடுகளில் வசிப்போர் சேர முடியாது என்று விதியிலேயே எழுதிவைத்திருக்கிறது. கொடுமையான விதி, ஆனால் யாரும் 12 வாரம் உழைத்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதில்லை. பாதியைத் தருகிறேன் என்றேன். எப்படி அனுப்புவாய் என்று கேட்டார். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

விண்ணப்பிக்கலாமா என்றால், தடைக்கு வெளியே இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். உள்ளே இருப்பவர்கள், பணம் எந்த வழியாக வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முதல் கமிட் போடுங்கள்.

கடைசியாகச் சான்றிதழ் வந்தது. அவர் பெயரைப் பாரசீகத்திலும் அச்சிட்டிருந்தார்கள். வலமிருந்து இடமாக எழுதும் மொழியை, எழுத்துகள் ஒட்டாமல், தலைகீழ் வரிசையில், இடமிருந்து வலமாக. படம் எடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: “இதற்கும் ஒரு பிழைப் புகார் போடட்டுமா?”