சிவப்புத் தோல் பந்தும் வேலூர் சரளையும்

ஆஸ்திரேலியக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடியும் உதைத்தும் ஆடும் ஆட்டம். அதற்குப் புதிதாக டீம் கட்டுகிறவர்கள் முதல் சீசனுக்கு வைத்திருக்கும் காசில் பாதியை ஜெர்சியில் விட்டுவிடுகிறார்கள். மிச்சத்தில் ஒரே ஒரு தோல் பந்து வாங்கி, பிராக்டிஸுக்கும் அதுவே, மேட்சுக்கும் அதுவே என்று அடித்துத் தேய்த்து, இரண்டாவது மாதமே "பந்து சரியில்லப்பா" என்கிறார்கள். பெரும்பாலும் பந்து சரியாகத்தான் இருக்கிறது. அதில் அடைத்த காற்றும் அது விழுந்த மண்ணும்தான் சரியில்லை. இங்கே எடுத்துக்கொண்டது 5ஆம் நம்பர் சிவப்புத் தோல் பந்து. பக்கத்தில் வைத்துப் பார்க்க அதே அளவில் ஒரு சிந்தெடிக் பந்து.

முதலில் கடை. ஊரில் ஸ்போர்ட்ஸ் கடையில் கேட்டால் ரக்பி பந்தை எடுத்து நீட்டுவார்கள், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று. ஒன்றில்லை. ஆஸ்திரேலியப் பந்தின் நீளவாக்குச் சுற்றளவு 720 முதல் 730 மில்லிமீட்டர், குறுக்குச் சுற்றளவு 545 முதல் 555. ரக்பி பந்து 740-770, 580-620 என்று எல்லாப் பக்கமும் பெரிசு. அதில் உதைக்கப் பழகிய கால் மேட்ச் பந்தில் தடுமாறும். தையல்காரரின் இஞ்சு டேப் ஒன்று பையில் இருந்தால் கடையிலேயே அளந்துவிடலாம். பெண்கள் ஆட்டத்துக்கு ஒரு சுற்று சிறியதான 4ஆம் நம்பர். பகல் ஆட்டத்துக்குச் சிவப்பு, ஃபிளட்லைட்டுக்கு மஞ்சள். ஜலந்தரில் ஏற்றுமதிக்கே இந்தப் பந்தைத் தைக்கிறார்கள். அங்கிருந்து வரவழைப்பது மெல்போர்னிலிருந்து கூரியரில் வரவழைப்பதை விட எவ்வளவோ மேல்.

பந்துக்கு நான்கு துண்டுத் தோல், உள்ளே ரப்பர் பிளாடர், ஒரு தையலின் நடுவில் லேஸ். 1879இல் மெல்போர்னின் காலிங்வுட் பகுதியில் இந்தப் பந்தைச் செய்யும் ஷெரின் பட்டறை தொடங்கிய காலத்திலிருந்து உருவம் பெரிதாக மாறவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தோலைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் இந்தப் பக்கத் தோல் பெரும்பாலும் ஷூவுக்கே போவதால், பந்தில் எதைப் பார்ப்பது என்று சொல்லிவிடலாம். ஷூவில் வயிற்றுப் பக்கத் தோல் கொஞ்சம் கலந்தாலும் சமாளித்துவிடலாம். பந்தில் முடியாது. வயிற்றுத் தோலின் நார் தளர்ச்சியானது. காற்றடைத்த நாலாவது வாரம் அந்தத் துண்டு மட்டும் உப்பும், பந்து ஒருச்சாய்ந்து பறக்கும். தையலுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நெருக்கமான சிறு சுருக்கம் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் முதுகுத் தோல். பெரிய மடிப்பாக விழுந்து மெதுவாக மறைந்தால் வேண்டாம். நான்கு துண்டையும் தனித்தனியாக அழுத்த வேண்டும், மூன்று நன்றாக இருந்து நாலாவது ஏமாற்றுவது சகஜம். பிறகு கண்ணாடி மேஜை மேல் பந்தைப் படுக்க வைத்துச் சுண்டிச் சுழற்றுங்கள். இரண்டு மூக்கும், அதாவது இரண்டு கூர் முனையும், ஒரே மட்டத்தில் சுற்ற வேண்டும். ஒன்று ஏறி இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி காற்று. விதி சொல்வது 62 முதல் 76 கிலோபாஸ்கல், நம் கணக்கில் 9 முதல் 11 பிஎஸ்ஐ. முதல் சீசனில் வீணாகும் பந்துகளில் பாதி இந்த இரண்டு எண்ணுக்கு வெளியே போனவைதான். 24 டிகிரி ஏசி ரூமில் 10 பிஎஸ்ஐ அடித்த பந்து, 40 டிகிரி வெயிலில் மைதானத்துக்கு வந்து சூடேறியதும் 11.3 காட்டும். பையை விட்டு எடுத்து ஓரத்தில் போட்டு, சிவப்புத் தோல் வெயிலைக் குடித்து 50 டிகிரியைத் தொட்டால் 12ஐத் தாண்டிவிடும். ஒரு பம்பு கூட அடிக்காமலே இத்தனை. தோல் அந்த அழுத்தத்துக்கு விரிந்து கொடுக்கும், ஆனால் சாயங்காலம் குளிர்ந்ததும் பழைய அளவுக்குச் சுருங்காது. அப்படி ஒரு ஏப்ரல், மே போனால் இஞ்சு டேப்பில் குறுக்குச் சுற்றளவு 555ஐத் தாண்டியிருக்கும். அது மேட்ச் பந்து இல்லை. எனவே காற்றை மைதானத்தில், நிழலில், ஆட்டத்துக்குக் கால் மணி முன்னால் சரி பார்ப்பது நல்லது. சித்திரையில் 9.5 போதும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் பக்கம் போகவே கூடாது. அது லாரி டயருக்கானது. 11ஐத் தாண்டுவதைக் கண் பார்ப்பதற்குள் லேஸ் பக்கத் தையல் பிரிந்திருக்கும். கைப் பம்பும், ஊசி செருகும் சின்ன கேஜும் வாங்குங்கள். ஊசியை நனைக்காமல் குத்துவது இன்னொரு வழக்கமான தப்பு. காய்ந்த ஊசி வால்வு ரப்பரைக் கிழிக்கும், அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலை பந்து தொளதொளவென்று கிடக்கும். ஒரு சொட்டு கிளிசரின் போதும். இல்லாவிட்டால் எச்சில் இருக்கவே இருக்கிறது.

தரை விஷயத்தில்தான் தோல் பந்து தோற்கிறது. நம் பக்கத்துப் பள்ளி மைதானங்கள் பலவும் செம்மண்ணும் சரளையும், நடு நடுவே உள்ளங்காலில் குத்தும் கருங்கல் சில்லு. புல் தரையில் வழுக்கிப் போகும் பந்து இங்கே உரசிக்கொண்டே போகிறது. முதலில் போவது மூக்கு: மேல் பூச்சு உரிந்து, உள்ளிருக்கும் வெளிர் நார் தெரியும். அடுத்து லேஸ் முடிச்சு. பாலாற்று மணல் பாதுகாப்பாகத் தோன்றும். விழுந்தால் வலிக்காது, பந்தும் உரியாது. ஆனால் மணல் தையல் துளைக்குள் புகுந்து நூலை உள்ளிருந்து அறுக்கும், பந்தும் எழும்பவே எழும்பாது. கையில் பந்தோடு ஓடுகிறவர் 15 மீட்டருக்கு ஒரு முறையாவது தரையில் தட்டியாக வேண்டும் என்பது விதி. சரளையில் தட்டினால் பந்து கல்லில் பட்டு எதிராளி கைக்குப் போகும். தட்டுவதற்குப் பதில் குனிந்து பந்தால் தரையைத் தொட்டாலும் அதே விதி நிறைவேறும். புது டீம்களுக்கு இதை முதல் வாரமே சொல்லித் தருவது புத்திசாலித்தனம். பந்துக்கும் ஆயுசு கூடும்.

உதை பற்றியும் பந்தை முன்னிட்டே சொல்ல வேண்டும். நம் பையன்கள் வட்டக் கால்பந்தில் வளர்ந்தவர்கள், உள்பாதத்தால் பந்தின் வயிற்றில் அடிப்பார்கள். இந்தப் பந்து அதற்குச் சம்மதிக்காது. செங்குத்தாகப் பிடித்து, லேஸ் இலக்கைப் பார்க்க, ஒரு கையால் நேராகக் கீழே விட்டு, புறங்காலால் கீழ் மூக்கில் அடிக்க வேண்டும். பந்து பின்பக்கமாகச் சுழன்று நேராகப் போகும். லேஸைக் காலின் பக்கம் வைத்து அடிக்கிறவர் கையில் ஒரு பந்து ஒரு மாதம் தாங்கினால் அதிசயம்.

மழை. இரவு இடி மழை பெய்த மறுநாள் காலை ஈர மைதானத்தில் தோல் பந்தை இறக்கினால் நீர் குடித்துக் கனக்கும், காய்ந்த பின் கட்டையாகும். நனைந்துவிட்டால் ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, காற்றைப் பாதியாகக் குறைக்காமல் 8 அளவில் வைத்து, ஃபேன் காற்றில் காய விட வேண்டும். வெயிலிலும் அடுப்பருகிலும் வேண்டாம். வீட்டில் யாராவது தேங்காய் எண்ணெய் பூச யோசனை சொல்வார்கள். பூசினால் தோல் நெகிழ்ந்து உப்பும், பிடி வழுக்கும், தூசி அப்பும். நிறமில்லாத தோல் கிரீம், மூக்கில் மட்டும், மாதம் ஒரு முறை. லேஸ் பிரிந்தால் நல்ல செருப்புத் தைப்பவரிடம் மெழுகு நூலில் தைத்துக்கொள்ளலாம். பிளாடரைக் குத்திவிடாமல் இருக்க முதலில் காற்றை முழுக்க இறக்கிவிட்டுக் கொடுங்கள்.

சிந்தெடிக் பந்து பற்றிச் சொல்ல அதிகமில்லை. சரளைக்கு அஞ்சாது, மழைக்கு அஞ்சாது, விலை பல மடங்கு குறைவு. வியர்வைக் கையில் வழுக்கும், துள்ளல் அதிகம், 11 பிஎஸ்ஐ அடித்தால் புறங்காலில் சுள்ளென்று வலிக்கும். 9இல் வைத்தால் வலி குறையும். அதில் மட்டுமே பழகியவர்கள் மேட்ச் அன்று தோல் பந்தைக் கையிலேற்றும்போது மார்போடு அணைத்துப் பிடிக்கத் திணறுகிறார்கள். அதனால் மேட்சுக்கு முந்தைய இரண்டு பிராக்டிஸ் மட்டும் தோல் பந்தில்.

முதல் சீசனுக்கு ஆட்கள் 18 என்றால் மூன்று பேருக்கு ஒன்று என ஆறு சிந்தெடிக், இரண்டு தோல். ஒன்று மேட்சுக்கு, இன்னொன்று மாற்றுக்கு. இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரிய லீக்கில் புதிதாக நுழைந்த டீம்களைப் பாருங்கள். 1991இல் அடிலெய்ட் முதல் மேட்சிலேயே ஹாதார்னை 86 பாயிண்டில் அடித்தது. அது பிறந்ததிலிருந்து இந்தப் பந்தை உதைத்து வளர்ந்த மாநிலத்தின் டீம். 2011இல் கோல்ட் கோஸ்ட் முதல் மேட்சை கார்ல்டனிடம் 119 பாயிண்டில் இழந்தது, 22 ஆட்டத்தில் 3 வெற்றி. அடுத்த வருடம் மேற்கு சிட்னியின் புது டீம் ஜிடபிள்யூஎஸ் ஜெயன்ட்ஸ் 22இல் 2. இரண்டு டீமிலும் பாதிப் பேர் சின்னப் பையன்கள். பணம் அங்கே குறைவில்லை, முதிர்ந்த கால்கள்தான் குறைவு. இங்கே பந்துக்கே வரிசையில் நின்றால் ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு இருபது உதை கூடத் தேறாது. நான்கு கம்பத்தில் நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் கோல், அதற்கு 6 பாயிண்ட், பக்கவாட்டு இடைவெளியில் போனால் 1, நடுக் கம்பத்தில் பட்டாலும் 1. ஆக, பழகாத கால்கள் ஸ்கோரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பத்துக்குப் பந்தல்காரரிடம் சவுக்குக் கழி வாடகைக்கு எடுக்கலாம். நான்கு கழி, அடுத்தடுத்து 6.4 மீட்டர் இடைவெளி, நடு இரண்டு தரைக்கு மேல் 6 மீட்டராவது, ஓரம் இரண்டு 3 மீட்டராவது. ஆள் உயரத்துக்கு ஃபோம் சுற்றிக் கட்டுங்கள். சவுக்கின் கணுவில் பந்து பட்டால் தோல் கீறும் என்பதால் ஃபோமுக்கு மேலே உள்ள கணுக்களையும் உளியால் சீவச் சொல்லிவிடுங்கள்.