நாகேஷ் நடித்த நான்கு படங்கள்: ஒரு குறுந்தகட்டுத் தொகுப்பு

ரயில்வேயில் எழுத்தராக இருந்து, நாடக மேடை வழியாகத் திரைக்கு வந்த நாகேஷின் நான்கு படங்கள் அடங்கிய இத்தொகுப்பை ஆண்டு வரிசையிலேயே பார்த்தேன். 1964-இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவைக் கதை சொல்லியே நடுங்க வைக்கும் செல்லப்பாவாகவும், அதே ஆண்டில் ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் முழுக் கதையையும் சுமக்கும் நாயகனாகவும் அவரை அடுத்தடுத்துக் காணும்போது, நகைச்சுவை நடிகர் என்ற அடைமொழி அவருக்கு எவ்வளவு சிறியது என்று புரிகிறது. ‘திருவிளையாடல்’ தருமியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்க’ளின் வில்லனாக வந்து அவர் அச்சுறுத்துவது இத்தொகுப்பின் சிறந்த தேர்வு.

ஒலி தெளிவாக உள்ளது. ஆனால் அகலத்திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டியிருப்பதால் அவருடைய கால்களின் துள்ளல் பல காட்சிகளில் தெரியவில்லை. உடல் முழுவதாலும் நடித்த கலைஞருக்கு இது பெரும் அநீதி. ‘நீர்க்குமிழி’யையும் சேர்த்திருக்க வேண்டும்.