டயல் பி.பி. மீட்டரா, டிஜிட்டலா?

நோயாளிகளுக்கு பி.பி. பார்க்கும் மேசைக்கு, மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷினையே நாங்கள் எடுத்தோம். டயல் மீட்டரும் ஸ்டெதாஸ்கோப்பும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்கும் வேலை உண்டு. பாதரச மீட்டர் போட்டியிலேயே இல்லை. அதன் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-ஓடு முடிக்கச் சொல்கிறது, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை. மணிக்கட்டில் கட்டுவதும் வேண்டாம். கை சற்றே தாழ்ந்தாலும் எண் ஏறிவிடும்.

விலை, எடை, பேட்டரி எல்லாம் பார்த்தாலே தெரிகிற விஷயங்கள். முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: கருவி கெட்டால் நமக்குத் தெரியுமா?

டயல் மீட்டருக்குள் மெல்லிய உலோகத் துருத்தியும் பொடிப் பொடியான பல்சக்கரங்களும் இருக்கின்றன. ஒருமுறை கீழே விழுந்தால் போதும், கணக்கு பிசகலாம். காற்றில்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் உடனே ஒதுக்கிவிடலாம். ஆனால் பூஜ்யத்தில் ஒழுங்காக நின்று, 150-ல் மட்டும் 8 குறைத்துக் காட்டுகிற மீட்டர்தான் ஆபத்தானது (இங்கே அழுத்த எண்கள் எல்லாம் பாதரச மில்லிமீட்டரில்). அதைப் பிடிக்க ஒரே வழி, ஒய் வடிவக் குழாயில் சரியான மானி ஒன்றோடு இணைத்து 50, 100, 150, 200 ஆகிய இடங்களில் ஒப்பிடுவது. 3-க்கு மேல் வித்தியாசம் வந்தால் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும். கையில் தூக்கித் திரியும் மீட்டருக்கு இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செய்யாவிட்டால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. கஃப்பை, அதாவது கையில் கட்டும் காற்றுப்பட்டையை, உருளை ஒன்றில் சுற்றி 200-க்கு ஏற்றி வால்வை மூடுங்கள்; ஒரு நிமிடத்தில் 4-க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது.

டிஜிட்டலில் பல்சக்கரம் கிடையாது. கஃப் பெரிதாகக் கசிந்தால், நோயாளி கையை அசைத்தால், பெரும்பாலும் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். சென்சார் மெல்ல விலகுவதை மட்டும் அதுவும் சொல்லாது. ஆகவே ஒய் குழாய்ச் சோதனை அதற்கும் உண்டு.

கைப்பழக்கம் இன்னொன்று. டயலில் நொடிக்கு 2 வீதம்தான் இறக்க வேண்டும். வரிசை நீளும்போது எல்லோரும் வேகமாகத் திறப்பார்கள். மேல் அழுத்தம் குறைந்தும் கீழ் அழுத்தம் கூடியும் பதிவாகும். எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிவதும் இதன் கூடவே வரும் வியாதி.

டிஜிட்டல் கைவிடும் இடங்களும் உண்டு. அது சத்தத்தைக் கேட்பதில்லை. கஃப்பில் ஏற்படும் அதிர்வு எங்கே உச்சமோ அதைச் சராசரி அழுத்தமாகக் கொண்டு, மேலும் கீழும் கணக்குப்போட்டுச் சொல்கிறது. நாடி ஒழுங்கில்லாமல் துடித்தாலோ, உடல் நடுங்கினாலோ, அழுத்தம் மிகக் குறைந்திருந்தாலோ அந்தக் கணக்கு தடுமாறும். அப்போது டயலை எடுங்கள்: மணிக்கட்டு நாடி மறையும் இடத்துக்கு மேல் 30 ஏற்றி, மெல்ல இறக்கி, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முதல் தட்டலை மேல் அழுத்தமாகவும் சத்தம் அடங்கும் இடத்தைக் கீழ் அழுத்தமாகவும் குறியுங்கள். நாடியையும் முழு 60 நொடி விரலால் எண்ணுங்கள். கர்ப்பிணிகளுக்கு, கர்ப்பகாலத்துக்கென்று சோதிக்கப்பட்ட டிஜிட்டல் இல்லையென்றால் டயலே மேல்; முன்சூல்வலிப்பில் (கர்ப்பகாலத்தில் அழுத்தம் ஏறும் நோய்) சில மெஷின்கள் குறைத்துக் காட்டும்.

கஃப் அளவு இரண்டுக்கும் பொது. உள்ளே இருக்கும் காற்றுப்பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம். சிறிய கஃப் கூட்டிக் காட்டும். கை இதயமட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. தொங்கினால் 7, 8 கூடும். எந்தக் கை, எந்தக் கஃப், எந்தக் கருவி என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்: 146/88, வலது, பெரிய கஃப், டயல்.