காரைநகர் வீடா, கொக்குவில் வாடகை வீடா?

தை மாதம் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. யாழ் போதனா வைத்தியசாலையில் ஒப்பரேஷன் முடிந்ததும் காரைநகர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொக்குவிலில் சின்ன வீடொன்றை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். ஆவணியில் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. வரும் பங்குனியோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

எல்லாரும் முதலில் கேட்பது ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றுதான். காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் வர 20 கிலோமீற்றர் அளவு; கொக்குவிலிலிருந்து ஓட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம். ஆனால் 1990க்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். ஸ்ட்ரோக்கில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு முன் சிரி ஸ்கான் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் 20 கிலோமீற்றர் பெரிய தூரமே இல்லை.

விழுந்ததை யார் காண்பது என்பதுதான் என் கவலை. மனைவி விழுந்த அன்று நான் வங்கிக்குப் போயிருந்தேன். எங்கள் வளவு பெரியது. இரண்டு பக்க வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் லண்டனிலும் பிரான்சிலும். இரண்டு மணித்தியாலமாக அவர் கூப்பிட்டது ஒருவருக்கும் கேட்கவில்லை. கொக்குவிலில் நான் காலையில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிலுக்கு மேலால் பார்த்து, "ஐயா, உங்கட வாய் ஒரு பக்கம் இழுக்குது" என்றாள். எனக்கே அது தெரியவில்லை. இன்று என் வலது கை எழுதுகிறதென்றால் அவள் கண்ட அந்த ஐந்து நிமிடத்தால்தான்.

கிளினிக்கிலும் கொக்குவில்தான் வசதி. மாதம் ஒரு தரம் எனக்கு, கிழமைக்கு இரண்டு தரம் மனைவிக்குப் பிசியோதெரபி. ஊரிலிருந்து என்றால் விடியமுன் எழும்ப வேண்டும். பஸ் படியில் அவரால் ஏற முடியாது, ஓட்டோக்காசு பென்சனைத் தின்றுவிடும்.

காரைநகர் வீட்டில் கக்கூஸ் வெளியே, விறாந்தையிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் சவர் (உப்புக் கரிக்கும்), குடிக்கத் தூக்கி வர வேண்டும். படுக்கையறையோடு ஒரு குளியலறை கட்டி, படிக்குப் பதில் சாய்தளம் போட மேசன் எட்டு இலட்சம் கேட்கிறார். கொக்குவில் வாடகை மாதம் 35,000 ரூபா. அதாவது அந்த வேலைக்காசு கிட்டத்தட்ட இரண்டு வருட வாடகை. இரண்டையும் ஒரே வருடத்தில் செய்ய எங்களிடம் காசில்லை.

மகள் கொழும்பு, வெள்ளவத்தைக்கு வரச் சொல்கிறாள். அவளோடு இருக்கலாம், ஆனால் கிளினிக் எல்லாம் முதலிலிருந்து மாற்ற வேண்டும். கனடாவில் இருக்கும் மகன், பெற்றோர் பிள்ளைகளோடு வந்து நிற்பதற்கான சூப்பர் விசா எடுக்கலாம் என்கிறான். ஒரு தரம் போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். ஒரே வருடத்தில் இடுப்பும் மூளையும் பழுதான எங்களுக்கு அந்தக் காப்புறுதிக் கட்டணம் பிள்ளையின் தலையில்தான் விழும். வேண்டாம் என்று விட்டோம்.

ஊர் வீட்டை விற்றால் என்ன என்றும் சிலர் கேட்டார்கள். அது மனைவியின் சீதன வீடு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அது அவருடைய சொத்து, அவர் சம்மதிக்காமல் நான் விற்க முடியாது. அவர் ஒரு வார்த்தையில் முடித்தார்: "இஞ்சேருங்கோ, நான் இருக்கும்வரை விக்கிற கதை கதைக்காதேங்கோ."

என் முடிவு கொக்குவிலில் இன்னொரு வருடம். வோக்கர் இல்லாமல் அவர் நடக்கத் தொடங்கிய பிறகு எட்டு இலட்சத்தைப் பற்றி யோசிப்போம். அவர் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: மார்கழியில் எங்கள் ஊர்ச் சிவன் கோவிலான ஈழத்துச் சிதம்பரத்தில் திருவெம்பாவை பத்து நாளும் ஊரில் நிற்க வேண்டும். சரி என்றேன். போன கிழமை ஒரு கொமோட் கதிரை வாங்கி, ஊர் வீட்டில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பத்து நாளும் இரவில் எங்களோடு வந்து படுக்கத் தம்பியின் மகன் சம்மதித்திருக்கிறான்.