சித்தப்பாவின் நோட்டுகளை எதில் ஏற்றுவது? வலைப்பூ, முகநூல், யூடியூப்: ஓர் அலசல்

நீடாமங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பாவிடம் நாற்பது வருஷத்து நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் அவரே ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். மேட்டூர் அணை திறந்த தேதி, நம் வாய்க்காலில் தண்ணீர் ஏறிய தேதி, நாற்று விட்ட நாள், நட்ட நாள், ரகம், உரம், ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது. ஓரத்தில் பென்சிலில் "புகையான், தண்ணியை வடிச்சாச்சு" என்பது மாதிரி ஒரு வரி (புகையான் என்பது நெல்லைத் தாக்கும் பூச்சி). 2012-ம் வருஷப் பக்கத்தில் மேட்டூர் தேதி செப்டம்பர் 17. தண்ணீர் அவ்வளவு தாமதம் என்பதால், குறுவை என்கிற முதல் நெல் போகத்தின் கட்டம் முழுவதும் ஒரே குறுக்குக்கோடு. 2022-ல் வழக்கத்துக்கு முன்பே, மே 24 என்று இருக்கிறது, பக்கத்தில் இரண்டு தடவை அடிக்கோடு.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அத்தனையையும் என் முன்னால் அடுக்கி வைத்தார். "தம்பி, இதையெல்லாம் போன்ல ஏத்தணும்ப்பா. எதுல ஏத்துனா எனக்கப்புறமும் இருக்கும்?"

அன்றைக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு யோசித்ததும் செய்து பார்த்ததும்தான் இது.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முறைத் தண்ணீர் எந்த நாள், கொள்முதல் நிலையத்தில் டோக்கன் எப்போது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதென்று யாருடைய நெல்லைத் திருப்பினார்கள் என்பதெல்லாம் ஊர்க் குழுவில்தான் ஓடுகிறது. அன்றன்றைய சேதிக்கு அதுதான் சரி. ஆனால் குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதில் இருப்பது எதுவும் தெரியாது. போன் மாற்றினால் பழையதில் பாதி போய்விடும்.

முகநூல் அப்படியில்லை. அங்கே கூட்டம் இருக்கிறது. சித்தப்பாவின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து என் கணக்கில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மயிலாடுதுறையிலிருந்து ஒருவர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர், எங்கள் ஊரிலேயே வேறு தெருவில் இருப்பவர் என்று வரிசையாக வந்து பேசினார்கள். "எங்க அப்பாவும் இப்படித்தான் எழுதி வச்சிருந்தார்" என்று ஒருவர் எழுதியதைப் படித்துக் காட்டியபோது சித்தப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். எழுதுகிறவருக்கு இது பெரிய தெம்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு எந்த ஊருக்குத் தார்ப்பாய் போகவில்லை, எங்கே குடிதண்ணீர் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டதில் முகநூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வேலையை எந்த வலைப்பூவும் செய்திருக்க முடியாது.

ஆனால் தேடிப் பாருங்கள். நண்பர் ஒருவர், சி.ஆர். 1009 ரக நெற்பயிர் ஒன்பது நாள் தண்ணீரில் கிடந்து எழுந்தபின் அதை எப்படித் தேற்றினார் என்று முகநூலில் விரிவாக எழுதியிருந்தார். தண்ணீர் வடிந்த எத்தனையாவது நாள் என்ன போட்டார் என்பதுவரை இருந்தது. போன ஐப்பசி அடைமழையில் பக்கத்து வயல்காரர் அதையே கேட்டார். முக்கால் மணி நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கல்யாண வாழ்த்து, கோயில் கொடியேற்றம், கட்சிச் சண்டை எல்லாம் வந்தன, அந்தப் பதிவு மட்டும் வரவில்லை. கூகுளில் அடித்தாலும் கிடைக்கவில்லை. எழுதியவருக்கே போன் போட்டேன், "எங்க போட்டேன்னு எனக்கே தெரியலையே" என்றார். அவ்வளவு நல்ல எழுத்து, தேவைப்பட்ட அன்றைக்குக் கையில் இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீளமாக எழுதுவதற்கென்று முகநூலில் 'குறிப்புகள்' என்று ஒரு வசதி இருந்தது. 2020 அக்டோபரோடு அதில் புதிதாக எழுத முடியாமல் செய்துவிட்டார்கள். அதற்கு முன்பு முகநூல் மாதிரியே இருந்த ஆர்குட் 2014-லும், கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. அங்கெல்லாம் தமிழில் நடந்த பேச்சுகளை இப்போது எங்கே போய்ப் படிப்பது?

இனி வலைப்பூ. 2003 வாக்கில் தமிழில் வலைப்பதிய வந்தவர்கள் பட்ட பாடு தனி. ஆளுக்கொரு எழுத்துரு; அது உங்கள் கணினியில் இல்லையென்றால் திரை முழுக்கப் புரியாத குறிகளாக வரும். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதியவரைப் படிக்க அதற்கான எழுத்துரு வேண்டும். எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடு குறியாக்கம் பரவி, இ-கலப்பை மாதிரியான இலவசத் தட்டச்சு மென்பொருள்கள் வந்த பிறகுதான் யார் எழுதியதையும் யாரும் படிக்கலாம், கூகுளிலும் தேடலாம் என்று ஆனது. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டி, புதிதாக எழுதியவரையும் அன்றைக்கே நாலு பேர் கண்ணில் காட்டியது. எழுத்துரு, தட்டச்சு, திரட்டி மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் தமிழ் வலைப்பூ வளர்ந்தது.

மற்ற மொழிகளிலும் கிட்டத்தட்ட அதே காலம்தான். இந்தியில் ஆலோக் குமார் 2003-ல் எழுதத் தொடங்கினார். வலைப்பூ என்பதற்கு இந்தியில் அவர் வைத்த சொல் 'சிட்டா'. நம்மூர் சிட்டா அடங்கலில் இருக்கும் அதே சொல்! எந்த நிலம் யாருடையது என்று எழுதி வைக்கும் கணக்கு. சித்தப்பாவிடம் சொன்னேன். "சரியாத்தான் வச்சிருக்கான்" என்றார்.

பிறகு தமிழ் வலைப்பூ ஏன் தளர்ந்தது? முகநூலில் உடனே கிடைத்த பதில் ஒரு காரணம். காசு இன்னொரு காரணம், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வலைப்பூவில் விளம்பரம் போட்டு எழுதுகிறவருக்குக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் இந்திக்கு 2014 கடைசியில் வந்துவிட்டது. தமிழுக்கு 2018 பிப்ரவரி வரை இல்லை. பத்துப் பதினைந்து வருஷம் கைக்காசும் தூக்கமும் செலவழித்து எழுதியவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வர வழியில்லாமல் இருந்தது. அதற்குள் ஜியோ வந்து, ஊரே யூடியூபுக்குப் போயிருந்தது.

அப்படியிருந்தும், இன்றைக்கு 'மாப்பிள்ளைச் சம்பா' என்றோ 'காட்டுயானம்' என்றோ பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடினால் பழைய வலைப்பூக்கள் வந்து நிற்கின்றன. ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல்லைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாவுக்குப் போய், இரண்டு கிலோ விதை வாங்கி, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்களின் அனுபவத்தை நான் படித்தது வலைப்பூக்களில்தான். எழுதியவர்களில் பலர் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. எழுத்து அப்படியே இருக்கிறது.

வலைப்பூ என்று முடிவு செய்தாலும், எதில் என்று அடுத்த கேள்வி வரும். கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாக்கரில் ஒரு தொல்லை: தலைப்பைத் தமிழில் வைத்தால் பதிவின் முகவரி 'blog-post_27' என்று மொட்டையாக அமைந்துவிடும். வெளியிடுவதற்கு முன்பே முகவரியை நாமே ஆங்கில எழுத்தில், 'kuruvai-2012' என்கிற மாதிரி, மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு வலைப்பூத் தளமான வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும். பெரியவர்கள் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடுவதில்லை. அதற்கும் அதே வைத்தியம்தான்.

சொந்த முகவரி, சொந்த இடம் என்றால் கம்பீரமாகத்தான் இருக்கும். 2011-ல் ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டி நானும் அப்படி வைத்திருந்தேன். மூன்றாம் வருஷம் புதுப்பிக்கும் கெடுவை நினைவூட்டும் அஞ்சல் வரவே இல்லை; கேட்கப் போனபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். திருவாரூர் ஆழித்தேர் பற்றி எழுதிய ஏழு கட்டுரைகள் போனது போனதுதான். வருஷா வருஷம் பணம் கட்ட ஆள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இதைச் சொல்வேன். எழுபது தாண்டியவருக்கு, காசில்லாமல் கிடக்கும் பிளாக்கர்தான் பாதுகாப்பு. அதையும் நாளைக்கு மூடமாட்டார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் மாதம் ஒருமுறை அமைப்புகளுக்குள் போய்ப் பிரதி இறக்கி, ஒரு பென் டிரைவில் வைக்கிறேன்.

யூடியூப் என்பது தம்பி மகனின் யோசனை. சித்தப்பா வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே மதகு மதகாகச் சொல்வதை எடுத்தால் அதுதான் அழகு. அவர் குரலை எந்த எழுத்தும் கொண்டுவராது. அதற்கு யூடியூபைத்தான் சொல்வேன். ஆனால் நாற்பது வருஷக் கட்டத்தை வீடியோவில் எப்படிப் பார்ப்பது? 1994-ல் நாற்று விட்டது எந்தத் தேதி என்று ஒருவர் தெரிந்துகொள்ள, இருபது நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆக பிளாக்கரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அவர் வாசிக்க வாசிக்க, போன் கேட்டு எழுதிக்கொள்கிறது. 2017-லிருந்து தமிழுக்கும் இருக்கும் வசதி இது. 'தாளடி', 'புகையான்' மாதிரி வயல் சொற்கள் வந்தால் மட்டும் தடுமாறும், அதை நான் கையால் திருத்துகிறேன். பக்கத்தின் படத்தைப் போட்டு, கீழே எழுத்தாகவும் தருகிறோம். ஏற்றியதும் சுட்டி ஊர்க் குழுவுக்கும் முகநூலுக்கும் போகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். இருக்கட்டும்.

2022-ல் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறோம், 2001 வரை வந்தாயிற்று. 1999 நோட்டை மட்டும் காணவில்லை. சித்தி பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.