மங்குக்கு எலுமிச்சையா, சன்ஸ்கிரீனா?

கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கருந்திட்டு. செலவில்லையே என்று எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு மலைக்குப் போனாள். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் எரிந்து புண்ணாகி, இன்னும் கறுத்துவிடும். அவளுக்கும் மூக்கோரம் அப்படித்தான் ஆனது, பாவம்.

சன்ஸ்கிரீனுக்குக் காசு வேண்டும், சரி. ஆனால் மங்கு வெயிலில்தானே கூடுகிறது! நுவரெலியா போல 1,800 மீட்டருக்கு மேல் போனால் புற ஊதாக் கதிர் இன்னும் கடுமை. மேகம் மூடியிருந்தாலும் கொஞ்சம் இறங்கும். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன், அதுவும் தோல்நிறம் கலந்ததாக இருந்தால் மங்குக்கு நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூசவேண்டும். காசு முடைப்பட்ட மாதத்தில் அகல விளிம்புத் தொப்பியையாவது விடாதீர்கள். மங்கு வெளுக்க மாதக்கணக்காகும். என் ஓட்டு சன்ஸ்கிரீனுக்கே. எலுமிச்சை பிளேன்டீயில் இருக்கட்டும்.