கடலோர வாடகை வீடு: இரண்டு குழந்தைகளும் ஒரு நாயுமாக ஐந்து இரவுகள்

"வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதி உண்டு" என்ற ஒரு வரியை நம்பித்தான் இந்தக் கடலோர வாடகை வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு ஒன்றரை வயது. உடன் வந்தது 28 கிலோ எடையுள்ள லாப்ரடார் நாய். ஐந்து இரவுகள் தங்கித் திரும்பிய பிறகு சொல்கிறேன்: நாயை உள்ளே விடுவது வேறு, நாயும் கைக்குழந்தையும் ஒரே கூரையின் கீழ் நிம்மதியாக இருக்கும்படி ஒரு வீட்டை அமைத்து வைப்பது வேறு. இந்த வீட்டின் உரிமையாளர்கள் பல இடங்களில் இரண்டாவதையும் யோசித்துச் செய்திருக்கிறார்கள். மிக முக்கியமான ஓர் இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

வீட்டின் பெரிய சிறப்பு, பின்வாசலிலிருந்து கடலுக்கு ஏறக்குறைய இருநூறு அடி நடைதான் என்பது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருப்பதால், சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் விடியற்காலையில் ஒருமுறையும் வெயில் தாழ்ந்த பிறகு ஒருமுறையும் கடலுக்குப் போய்வருவதே நல்லது. இடையில் இளையவன் தூங்கவும் நாய் குளிர்ந்த தரையில் படுக்கவும் வீடு பக்கத்தில் இருந்தாக வேண்டும். தொலைவில் தங்கினால் உச்சி வெயிலில் மணலிலேயே கிடக்க நேரும், அல்லது நாயைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் எண்ணம் வரும். நிறுத்திவைத்த காருக்குள் பத்தே நிமிடங்களில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடக்கூடும்; கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய பயன் இல்லை. நாங்கள் ஐந்து நாட்களும் காரைத் தொடவே தேவையிருக்கவில்லை என்பதை இந்த வீட்டுக்குச் சேர வேண்டிய பாராட்டாகச் சொல்கிறேன்.

அடுத்த பாராட்டு, பின்வாசலை ஒட்டிய வெளிக் குழாய்க்கும் அதன் கீழே தண்ணீர் தேங்காமல் ஓடும்படி சரிவாகப் போட்டிருந்த தளத்துக்கும். குழந்தைகளின் கால் மணலைக் கழுவுவதற்கு மட்டும் அது என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் காலை, அலைக்குள் பந்தை எறிந்து எறிந்து நாயை எடுத்துவர வைத்ததில், ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கடல்நீரை விழுங்கியிருக்கிறது. வீடு திரும்பியதும் இருமுறை வாந்தி எடுத்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிகம் குடித்துவிட்டால் வயிற்றுப்போக்கோடு நிற்காது. இரத்தத்தில் சோடியம் ஏறி நடுக்கமும் வலிப்பும் வரை போகலாம். எங்கள் நாய் அன்று மாலையே தேறிவிட்டது. அதன் பிறகு குழாயிலிருந்து நல்ல தண்ணீரைப் பெரிய புட்டியில் பிடித்துக்கொண்டு போய், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்திக் குடிக்கவைத்தோம். திரும்பியதும் ரோமத்திலிருந்தும் விரல் இடுக்குகளிலிருந்தும் உப்பு போகும்வரை அந்தக் குழாயடியிலேயே கழுவினோம். உப்பையும் மணலையும் நக்கிக்கொண்டே இருப்பதும் நாய்க்கு நல்லதல்ல.

இனிக் குறை. வீட்டைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலி இருக்கிறது. ஆனால் கடல் பக்கத்து வாயிற்கதவு தானாக மூடிக்கொள்வதில்லை, தாழ்ப்பாளும் ஐந்து வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் காலை மூத்தவள் கதவைத் திறந்து ஒரு கிளிஞ்சலை எடுக்கப் போனாள். நாய் அவள் பின்னால் ஓடியது. நாயைப் பார்த்து இளையவனும் தத்தித் தத்திக் கிளம்பிவிட்டான். என் மனைவி சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்ததால் பாதி வழியிலேயே அவனைத் தூக்கிவிட்டோம். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. சிறு குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது பெரும்பாலும் கூச்சலோ கையசைப்போ இருப்பதில்லை; சில நொடிகளில் ஓசையின்றி முடிந்துவிடும். பராமரிப்பாளரிடம் சொன்னதும் உடனே வந்து கயிற்றால் கட்டிக் கொடுத்தார், நல்ல மனிதர், ஆனால் கயிறு தீர்வாகாது. நீர்நிலையை ஒட்டிய வேலிக்கதவு நீருக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, விட்டவுடன் தானே மூடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். முன்பதிவுக்கு முன்பே அந்தக் கதவின் படத்தை நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.

மாடிக் கிராதியின் கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருந்தது. அளந்து பார்த்த பிறகே இளையவனை மேலே விட்டேன். படுக்கைகளும் சமையலறையும் சுத்தம்.

விருந்தினருக்கென்று அவர்கள் வைத்திருந்த நிழற்கூடாரம் புற ஊதாக் காப்பு 50-க்கு மேல் என்று குறிக்கப்பட்டது. அதாவது துணி வழியாக நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் கதிர் இறங்காது. இருந்தாலும் உலர்ந்த மணல் 15 சதவீதம் வரை கதிரைத் திருப்பி அனுப்புவதால், கூடாரத்துக்குள்ளும் குழந்தைகளுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டோம். மூன்று பக்கமும் மூடிய கூடாரத்தில் காற்று நின்றுவிட்டால் முதலில் தவிப்பது நாய்தான், ஏனெனில் அது மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. திறந்த பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பிப் போட்டதும் நிலைமை மாறியது. கூடாரத்தோடு ஒரு சன்ஸ்கிரீன் புட்டியையும் அன்போடு வைத்திருந்தார்கள். அதில் துத்தநாக ஆக்சைடு இருந்தது. குழந்தையின் தோலுக்கு ஏற்றதுதான், ஆனால் நாய் நக்கி விழுங்கினால் நஞ்சு. எங்கள் நாய் இளையவனின் கையை ஓயாமல் நக்கும் பழக்கமுள்ளது என்பதால், அவனுக்கு முகத்தில் மட்டும் தடவி, அது உலரும்வரை நாயைத் தள்ளியே வைத்தோம். புட்டியின் மேல் இதை ஒரு வரியாக ஒட்டிவைத்தால் அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

வரவேற்பறையில் மாட்டியிருந்த குறிப்புத் தாள் மிகப் பயனுள்ளது: நாய்களை மணலில் விடலாகும் நேரங்கள், உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரம், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையில் மட்டுமே குளிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் மட்டும் இல்லை. வாந்தி எடுத்த நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் தேடிய அரை மணி நேரம் எங்களுக்கு மிக நீளமாக இருந்தது.

குழந்தைகளுக்கு ஒருவர், நாய்க்கு ஒருவர் என்று பெரியவர்கள் இருவராவது வரும் குடும்பத்துக்கு இந்த வீட்டைப் பரிந்துரைப்பேன். தனியொருவராக வருபவர்களுக்கு, அந்தக் கதவு சரியாகும்வரை பரிந்துரைக்க மாட்டேன். உரிமையாளருக்கு இவை அனைத்தையும் எழுதினேன். தாழ்ப்பாளை மாற்றிவிட்டதாகப் படத்துடன் பதில் வந்தது. புதியது என் தோள் உயரத்தில் இருக்கிறது. கதவு தானே மூடிக்கொள்வதைக் காணொளியாக அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். வந்ததும் அடுத்த விடுமுறைக்கு இதே வீட்டைப் பதிவு செய்வோம்.